நியூயார்க் வடக்கே இருக்கிறது

கேள்வி:  நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் வீட்டுக்காரரும் போய்விட்டு வந்தோம். சாங்கியில் ஏறி நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கினோம். போக, வர இரண்டுமே எங்கும் நிற்காத விமானம். இப்போது பேரன் பள்ளி ப்ராஜெக்ட்டுக்காக அந்தத் தூரத்தைக் கேட்கிறான். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 15,349 என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் 15,344, வேறோரிடத்தில் 9,537, மற்றொன்றில் 8,288. மருமகன் கைப்பேசிச் செயலியில் பார்த்துவிட்டு, விமானம் உண்மையில் பறந்தது 16,000 கிலோமீட்டருக்கு மேல் என்றார். போகும்போது ஜப்பான் பக்கமாகப் போய் பசிபிக் கடலைத் தாண்டியது. வரும்போது ஐரோப்பா, இந்தியா வழியாக வந்தது. "சுவர் மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இலங்கை, ஏமன், ஆப்பிரிக்கா வழியாகத்தானே வருகிறது, இவர்கள் ஏன் ஊரைச் சுற்றுகிறார்கள்?" என்பது என் வீட்டுக்காரரின் கேள்வி. பேரனோ வடதுருவத்தின் வழியாகப் போவதுதான் குறுக்குவழி என்று சாதிக்கிறான். யார் சொல்வது சரி? அவன் எந்த எண்ணை எழுத வேண்டும்? இதைவிட நீண்ட தூரம் பறக்கிற விமானமும் வருமா?

– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அம்மா, பேரன் சொல்வது சரி. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. நீங்கள் ஏறிய விமானம் அந்த வழியில் போகவில்லை. அதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் போட்ட கோடு காகிதத்தில் நேர்க்கோடுதான், உருண்டையின் மேல் அது சுற்றுவழி.

முதலில் அந்த நான்கு எண்களைத் தீர்த்துவிடுவோம். 15,349 கிலோமீட்டரும் 9,537 மைலும் 8,288 கடல் மைலும் ஒரே தூரம்தான், அளவுகோல் மட்டும் வேறு. 15,344 என்பது கென்னடிக்கு அல்ல, ஹட்சன் ஆற்றுக்கு மறுகரையில் உங்கள் மகள் இருக்கும் மாநிலத்திலேயே உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டு நிலையங்களுக்கும் விமானம் விடுவதால் எண்கள் கலந்துபோகின்றன.

இந்த 15,349 எங்கிருந்து வந்தது என்பதைப் பேரன் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கலாம். உலகத்தில் எல்லா ஊர்களுக்கும் இது இவ்வளவு சுலபமாக வராது, உங்கள் இரண்டு ஊர்களின் அமைப்பு அப்படி. சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 104 பாகையிலும் இருக்கிறது. கென்னடி வடக்கே 40.64 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 73.78 பாகை. தீர்க்கரேகைகள் இரண்டையும் கூட்டுங்கள்: கிட்டத்தட்ட 178 பாகை. பூமியைச் சரிபாதியாகப் பிளந்தால் 180. ஆக, சிங்கப்பூரில் நின்று பார்த்தால் நியூயார்க் ஏறக்குறைய உருண்டையின் நேர் மறுபக்கத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குக் கிழக்கே போவதா மேற்கே போவதா என்று தடுமாற வேண்டாம். வடக்கே திரும்பி நேராக உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டியதுதான்.

ஏற எவ்வளவு? 90இல் 1.36 போக 88.64 பாகை. இறங்க எவ்வளவு? 90இல் 40.64 போக 49.36 பாகை. இரண்டும் சேர்ந்து 138 பாகை. கடல் மைல் என்ற அளவே ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்று பிறந்ததுதான். 138ஐ 60ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். இணையம் சொல்வது 8,288. எட்டே எட்டு கடல் மைல் வித்தியாசம்.

அந்த எட்டுக் கடல் மைலை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது தொடங்கியது சென்னை விமான நிலையத்தின் வேலியோரத்தில்.

பூமி முழு உருண்டை இல்லை. துருவங்களில் சற்றுத் தட்டை. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. தட்டையான இடத்தில் வளைவு குறைவு, அதனால் ஒரு பாகை நகர அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். நிலநடுக்கோட்டருகே ஓர் அட்சரேகைப் பாகைக்கு 110.57 கிலோமீட்டர், துருவத்தருகே 111.69. நம் வழி உச்சியைத் தொட்டுவிட்டுப் போவதால் இந்த நீளமான பாகைகள் எல்லாம் அதன் கணக்கில் விழுகின்றன. இந்த வித்தியாசத்தை நிலத்தில் அளந்து பார்க்கும் ஆசையோடுதான் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் பக்கம் சங்கிலி போட்டு, ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். இன்றைக்கு அந்த மலையை ஒட்டித்தான் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குகின்றன. அந்த அளவையை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். 1830இல் அவர் கணித்த பூமியின் வடிவத்தை இந்தியா மட்டுமல்ல, மலாயாவும் சிங்கப்பூரும் தங்கள் நில அளவைக்கு நெடுங்காலம் வைத்திருந்தன. இப்போது விமானத் துறை முழுவதும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறது. ஜிபிஎஸ்ஸும் அதன் மேல்தான் நிற்கிறது.

இதோடு நியூவர்க் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பேரனுக்குப் பிடிக்கும். கென்னடிக்கும் நியூவர்க்குக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்படியிருக்க சிங்கப்பூரிலிருந்து தூரம் ஐந்து கிலோமீட்டர்தானே மாறுகிறது, ஏன்? அந்த முப்பது சொச்சமும் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. குறுகிய வழியோ வடக்கிலிருந்து இறங்கி வருகிறது. நியூவர்க் கென்னடியைவிட ஐந்தாறு கிலோமீட்டர்தான் வடக்கே. அந்த வித்தியாசம் மட்டுமே கணக்கில் ஏறுகிறது. வழி உண்மையிலேயே வடக்கிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் வீட்டுக்காரரின் மேப். பள்ளிக்கூடச் சுவர்களிலும் அலுவலகங்களிலும் தொங்கும் உலகப் படங்களில் பல, வரைபட வல்லுநர் மெர்கேட்டர் 1569இல் போட்ட முறையில் வந்தவை. அவர் மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் போகும் வழி அந்தப் படத்தில் நேர்க்கோடாக வரும், அதுதான் அதன் வசதி. அதற்கு விலையாக, வடக்கே போகப் போக நிலத்தை இழுத்து விரித்திருக்கிறார். துருவம் அந்தப் படத்தில் வரவே முடியாது. வீட்டுக்காரர் போட்ட கோடு இலங்கையைக் கடந்து, ஏமனைத் தொட்டு, சகாராவைத் தாண்டி, அட்லாண்டிக்கில் இறங்குகிறது. ஸ்கேலை அவர் சரியாகவே வைத்திருக்கிறார். ஆனால் அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். குறுகிய வழியைவிட மூவாயிரத்துக்கு மேல் அதிகம். நம்பாவிட்டால் பேரனின் மேசையில் இருக்கும் உருண்டையில் இரண்டு ஊருக்கும் ஒரு நூலைப் பிடித்து இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் தானாகவே வழுக்கிக்கொண்டு உச்சிக்குப் போகும். அந்த நூல் கிடக்கும் வழிக்குத்தான் பெருவட்டம் என்று பெயர்.

சரி, அந்த நூலின் கீழே என்னென்ன இருக்கின்றன? சிங்கப்பூரை விட்டதும் தாய்லாந்து வளைகுடா, பிறகு லாவோஸ், சீனாவின் குன்மிங் நகரம், அதற்கு வடக்கே சிச்சுவான் மலைகள், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, ஆர்க்டிக் கடல். துருவத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, கனடாவின் கியூபெக், நியூயார்க். 

இந்த வழியில் விமானம் போகாததற்கு முதல் காரணம் அரசியல். ரஷ்ய வான்பரப்பு 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பா, பிரிட்டன், கனடா, அமெரிக்க விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. தடை இல்லாத நிறுவனங்களிலும் பல ஒதுங்கியே போகின்றன. இது எவ்வளவு தூரம் பாதிக்கும் என்று பார்க்க ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தைப் பாருங்கள். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியா மேலாக ஒன்பது மணி நேரச் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், அந்த மார்ச் மாதம் முதல் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஊர்கள் நகரவில்லை, பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. அந்த நிறுவனத்தின் தொழிலே தலைகீழாகிவிட்டது.

அடுத்தது மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே பத்தாயிரம் அடிக்கு இறக்க வேண்டும். சிச்சுவானின் மேற்கில், திபெத் பீடபூமியின் விளிம்பில், பத்தாயிரம் அடிக்கு இறங்கினால் மலைக்குள் இறங்குவதாகிவிடும். கோங்கா சிகரம் மட்டுமே ஏழாயிரத்து ஐந்நூறு மீட்டரைத் தாண்டும். தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விமானங்களுக்கு வழி வகுக்கும் டிஸ்பாட்ச் அறையில் நான் வேலை பார்த்த காலத்தில், வேறு வழி இருந்தால் மலையை விட்டு விலகியே கோடு போடுவது என் வழக்கம்.

துருவத்தில் குளிரும் ஒரு பிரச்சினை. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறைய ஆரம்பிக்கும், வெளியே அதைவிடக் குளிராக இருக்கும் நாட்கள் உண்டு. இறக்கைக்குள் எண்ணெய் குளிர்ந்துகொண்டே வந்தால் விமானி கொஞ்சம் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சமாளிக்க வேண்டும். அட்சரேகை 82 பாகைக்கு மேலே போனால் நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பழைய உயர் அதிர்வெண் வானொலியை நாட வேண்டி வரலாம், சூரியப் புயல் வந்தால் அதுவும் இரைச்சல்தான். திசைகாட்டி முள்ளையும் அங்கே நம்ப முடியாது. துருவ வழியில் பறக்கும் அமெரிக்க விமானங்கள் கடுங்குளிர் தாங்கும் உடுப்புகள் குறைந்தது இரண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவசரமாகத் தரையிறங்கினால் ஊழியர் யாராவது வெளியே இறங்கிப் பார்க்க வேண்டுமே! பயணிகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. துருவ வழிகளில் எத்தனையோ விமானங்கள் சர்வசாதாரணமாகப் போய் வருகின்றன. போக முடியும் என்பது வேறு, இன்றைக்குப் போவது லாபமா என்பது வேறு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போகும்போது, குறுகிய வழியை விட்டு விலகுவதால் வரும் நஷ்டம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. சென்னையிலிருந்து மதுரைக்கு பெங்களூர் வழியாகப் போனால் சுற்றுதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு டோக்கியோ வழியாகப் போனால்? டோக்கியோ நரிட்டா வரை ஏறத்தாழ 5,350, அங்கிருந்து கென்னடிக்கு ஏறத்தாழ 10,830. மொத்தம் 16,200ஐ ஒட்டி வருகிறது. துருவ வழியைவிட 850 கிலோமீட்டர்தான் அதிகம், நூற்றுக்கு ஐந்தரை பங்கு. நேர் எதிர்த்திசையில் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் 16,500ஐ ஒட்டி. அந்த வழியில் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமும் ஒன்று உண்டு. டோக்கியோ எங்கே, ஃபிராங்ஃபர்ட் எங்கே! உருண்டையின் இரண்டு பக்கம். ஆனாலும் நியூயார்க் போக இரண்டுமே ஏறக்குறைய வழியில்தான் இருக்கின்றன. இரண்டு ஊர்களும் சரியாக எதிரெதிர் முனைகளில் இருந்துவிட்டால் எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றே. 180 பாகைக்கு உங்கள் ஊர்கள் 138 பாகை வரை வந்துவிட்டதால் அந்தச் சலுகையில் ஒரு பெரும் பங்கு அவற்றுக்கும் கிடைக்கிறது.

இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு காற்றைத் தேடிப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலும் அதற்குக் கிழக்கேயும் பனிக்காலத்தில் அது உலகிலேயே மிக வேகமான காற்றுகளில் ஒன்று, சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். இதை முதலில் கண்டவர் ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி. 1920களில் தட்டேனோ என்ற ஊரிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகத்தில் அநேகமாக யாருமே படிக்கவில்லை. 1944 இறுதியில் ஜப்பானின் மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள், தங்கள் விமானம் கட்டுப்பாடில்லாமல் ஓடுவதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். ஓயிஷி முன்பே சொல்லிவைத்த காற்றுதான் அது.

அந்தக் காற்று உங்களுக்கு என்ன செய்தது? ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் என் உத்தேசம், நாளுக்கு நாள் மாறும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. துருவ வழியில் 15,349 கிலோமீட்டர், சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வையுங்கள். 17 மணி 27 நிமிடம் ஆகும். பசிபிக் வழியில் வளைந்து 16,500 கிலோமீட்டர், ஆனால் முதுகில் தள்ளும் காற்று சராசரி 60 கிலோமீட்டர். 17 மணி 11 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போயும் கால் மணி நேரம் லாபம். அந்த விமானம் மணிக்கு ஆறு டன்னை ஒட்டி எண்ணெய் குடிக்கும் என்பதால் ஒன்றரை டன் எண்ணெயும் மிச்சம்.

டிஸ்பாட்ச் அறையில் இரண்டு தூரம் பார்ப்போம். ஒன்று தரையின் மேல் கடக்கும் தூரம். இன்னொன்று காற்றுக்குள் கடக்கும் தூரம். மேற்சொன்ன கணக்கில் பசிபிக் வழியில் விமானம் காற்றுக்குள் கடப்பது சுமார் 15,470 கிலோமீட்டர், துருவ வழியில் 15,700. எஞ்சினுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது எரிப்பது காற்றுக்குள் கடக்கும் தூரத்துக்குத்தான். ஆகவே தொழிலில் இருக்கிறவர்களுக்கு அன்றைய தினம் பசிபிக் வழிதான் கிட்ட. மருமகன் செயலியில் பார்த்தது தரைக்கணக்கு.

போகும்போது ஜப்பான், வரும்போது ஐரோப்பா என்றீர்களே, அதன் விடையும் இதுதான். ஜெட் காற்று எப்போதும் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே போனாலும் நியூயார்க் வரும், நியூயார்க்கிலிருந்து கிழக்கே போனாலும் சிங்கப்பூர் வரும். ஏறக்குறைய எதிரெதிரே இருக்கும் ஊர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு அது. வந்த வழியே பசிபிக்கில் திரும்பினால் அதே காற்று முகத்தில் அடித்திருக்கும். அதனால் அட்லாண்டிக்கின் மேலுள்ள காற்றைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வந்திருக்கிறார்கள். இரண்டு பயணத்திலும் நீங்கள் கிழக்கு நோக்கியே போயிருக்கிறீர்கள் அம்மா. கவனித்தீர்களோ என்னவோ, மகளைப் பார்க்கப் போன சாக்கில் நீங்களும் வீட்டுக்காரரும் உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டீர்கள்.

வழிகள் தினமும் புதிதாக வரையப்படுகின்றன. வட அட்லாண்டிக்கில் அன்றைய காற்றைப் பார்த்து, அயர்லாந்து ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கட்டுப்பாட்டு மையமான ஷான்விக்கும் கனடாவின் கேண்டரும் சேர்ந்து இணைவழிகளை அறிவிக்கும். பசிபிக்கிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆகவே உங்களுக்கு அடுத்த வாரம் போகும் பக்கத்து வீட்டுக்காரர் அலாஸ்காவைப் பார்த்தேன் என்று சொன்னால் சண்டை போடாதீர்கள்.

அப்படியானால் இந்த 15,349 என்பது யாருக்குத்தான் பயன்படுகிறது? கணக்கு எழுதுகிறவர்களுக்கு. தூரத்தை வைத்துப் புள்ளி தரும் விசுவாசத் திட்டங்களில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நிர்ணயித்த தூரம்தான் செல்லும், எவ்வளவு சுற்றினாலும் கூடுதலாக ஒரு மைல்கூடத் தர மாட்டார்கள். விமானம் தாமதமானால் ஐரோப்பியச் சட்டப்படி தரும் நஷ்டஈட்டுக்கும் பெருவட்டத் தூரம்தான் அடிப்படை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் கார்பன் கணக்குப் போடும்போது சுற்றுவழிக்காகக் கொஞ்சம் சேர்க்கிறது. 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எந்தப் பயணத்துக்கும் 125 கிலோமீட்டர். உலகச் சராசரிக்கு அது சரியாக இருக்கலாம். உங்கள் பயணத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பேரன் எழுத வேண்டியது 15,349 கிலோமீட்டர்தான். பக்கத்தில் "பெருவட்டத் தூரம்" என்று கட்டாயம் எழுதட்டும். கீழே 138ஐ 60ஆல் பெருக்கிய கணக்கையும் போட்டுக் காட்டினால் ஆசிரியை கூடுதல் மதிப்பெண் போடுவார் என்று நம்புகிறேன். போடாவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்று நேர அட்டவணையில் உள்ள, எங்கும் நிற்காத பயணிகள் விமானங்களில் தூரத்தில் முதலிடம் நீங்கள் போய் வந்த வழிக்குத்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004லேயே நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை நியூவர்க்குக்கு விட்டுப் பார்த்தது. பிறகு நூறு இருக்கைகள் மட்டும், அதுவும் எல்லாம் பிசினஸ் வகுப்பாக மாற்றியும் ஓட்டியது. எண்ணெய்ச் செலவு தாங்காமல் 2013இல் நிறுத்திவிட்டது. இவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோகும் எண்ணெயில் ஒரு பகுதி, மீதி எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகிவிடும், அதுதான் இந்தப் பயணங்களின் சாபம். 2018 அக்டோபரில் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 யூஎல்ஆர் வந்த பிறகுதான் நியூவர்க் சேவை மீண்டது. 2020 நவம்பரில் கென்னடியும் சேர்ந்தது. இந்த யூஎல்ஆரின் எண்ணெய்க் கொள்ளளவு 1,65,000 லிட்டர், எடையில் 130 டன்னுக்கு மேல். இருக்கைகள் வெறும் 161, அதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350இல் 253. எக்கானமி வகுப்பே கிடையாது. பின்னால் இருந்த கூட்டம் குறைவாக இருந்ததே என்று நீங்கள் சந்தோஷப்பட்டிருந்தால், அந்த இடத்துக்கு எண்ணெயின் எடை டிக்கெட் வாங்கியிருந்தது என்று அர்த்தம்.

இதை முந்தப்போவது ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ். சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்க, 20,000 லிட்டர் கூடுதல் தொட்டியோடு பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு 2022இல் ஆர்டர் கொடுத்தது. தூரம் 17,000 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1947இல் இதே நிறுவனம் இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே பயணிகளைக் கூட்டிப்போனபோது நான்கு நாட்கள் பிடித்தது. வழியில் இறங்கிய ஊர்களில் சிங்கப்பூரும் கல்கத்தாவும் கராச்சியும் கெய்ரோவும் உண்டு.

அதற்கு மேல் போக அதிக இடம் இல்லை. பூமியின் சுற்றளவில் பாதி 20,000 கிலோமீட்டர் சொச்சம், எந்த இரண்டு ஊர்களுக்கும் குறுகிய வழி அதைத் தாண்ட முடியாது. சாங்கியின் நேர் மறுமுனை தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டுக்குள் விழுகிறது. பக்கத்திலிருக்கும் பெரிய விமான நிலையம் தலைநகர் கீட்டோவுடையது, சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 19,700 கிலோமீட்டர். அவ்வளவு எண்ணெய் கொள்ளும் விமானம் ஒருநாள் வரலாம். ஆனால் கீட்டோ நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, தொட்டி நிறைய எண்ணெயை நிரப்பிக்கொண்டு ஓடுபாதையை விட்டு எழும்புவது பெரும்பாடு. சிங்கப்பூரிலிருந்து போவதைவிட அங்கிருந்து திரும்பி வருவதுதான் கஷ்டமாக இருக்கும்.